புதுப்பிப்பு: நிக்கல் பதித்த கார்பன் மின்வாயில் ஹைட்ரஜன் ஏறியது ஏன்?

நிக்கலைத் தனித்தனி அணுக்களாகப் பதித்த நைட்ரஜன்-கார்பன் வினையூக்கியில், மின்சாரம் செலுத்தினால் கார்பன் டை ஆக்சைடு முதலில் நன்றாகவே கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது, சில மணி நேரம் போனதும் ஹைட்ரஜன்தான் அதிகம் வருகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். நிக்கல் அணுக்கள் ஒன்றுகூடித் துகளாகிவிட்டனவா என்று பலர் கேட்டீர்கள். நியாயமான சந்தேகம். உலோக நிக்கல் ஹைட்ரஜனைத்தான் கொடுக்கும்.

பார்த்தாகிவிட்டது. எக்ஸ் கதிர்ச் சோதனையில் உலோக நிக்கலின் தடயம் இல்லை. மிகச் சிறிய கொத்துகள் அதில் தப்பிவிடும் என்பதால் எலக்ட்ரான் நுண்ணோக்கியிலும் பார்த்தோம். அணுக்கள் புள்ளி புள்ளியாக அப்படியே இருந்தன.

காரணம் மின்வாயின் பின்பக்கத்தில் இருந்தது. வாயு நுழையும் கார்பன் தாளைக் கழற்றித் திருப்பினால், துளைகளை அடைத்துக்கொண்டு வெள்ளை உப்புப் படிகங்கள். வினையில் உண்டாகும் ஹைட்ராக்சைடு, உள்ளே வரும் கார்பன் டை ஆக்சைடையே பிடித்து கார்பனேட்டாகவும் பைகார்பனேட்டாகவும் மாற்றிவிடுகிறது. கரைசலிலுள்ள பொட்டாசியத்தோடு அது படிகிறது. உப்பு படிந்த துளைகளுக்குள் கரைசலும் ஏறிவிடும். அப்புறம் வாயுவுக்கு வழியில்லை, வினையூக்கிக்குக் கிடைப்பது பெரும்பாலும் தண்ணீர்தான்; அதிலிருந்துதான் ஹைட்ரஜன் வருகிறது.

தாளை அலசி உலர்த்தி மாட்டியதும் கார்பன் மோனாக்சைடு கிட்டத்தட்டப் பழைய அளவுக்குத் திரும்பியது. இப்போது கரைசலிலுள்ள பொட்டாசியம் பைகார்பனேட்டின் செறிவைக் குறைத்து ஓட்டுகிறோம். மின்தடை கூடுவதால் செல்லின் மின்னழுத்தம் ஏறுகிறது, ஆனால் உப்பு மெதுவாகத்தான் சேர்கிறது.

நிக்கலுக்குப் பதில் இரும்பை முயலச் சொன்னவருக்கு: அதில் குறைந்த மின்னழுத்தத்திலேயே வினை தொடங்கும், சரி. ஆனால் இரும்பு, உண்டான கார்பன் மோனாக்சைடை எளிதில் விடாமல் இறுகப் பிடித்துக்கொள்ளும்; அடுத்த வினைக்கு இடம் இருக்காது. அதனால் இப்போதைக்கு நிக்கல்தான்.