கலைச்சொல் உதவி தேவை: ஹோம் ரன் போட்டியும் ‘சராசரி நோக்கிய பின்னடைவும்’

வா., மதுரை (திங்கள் காலை)

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கான புள்ளியியல் பயிற்சிநூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒன்பது இயல்கள் முடிந்துவிட்டன. பத்தாவதில் ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

அந்த இயல் அமெரிக்கப் பேஸ்பாலை எடுத்துக்காட்டாக வைத்து நடக்கிறது. ஆண்டுதோறும் ஜூலை நடுவில், சிறந்த ஆட்டக்காரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தையொட்டி, ஹோம் ரன் டெர்பி என்றொரு போட்டி நடத்துகிறார்கள். 1985-இல் தொடங்கியது. யார் அதிக ஹோம் ரன் (பெரும்பாலும் பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பி, நான்கு தளங்களையும் சுற்றிவர வைக்கும் அடி) அடிக்கிறார் என்பதுதான் போட்டி. இதில் கலந்துகொண்டவர்கள் அதன் பிறகு ஆட்டங்களில் அடிக்கத் திணறுகிறார்கள் என்று அங்கே நெடுநாளாகப் பேச்சு. 2005-இல் பாபி அப்ரேயு டெட்ராய்ட்டில் 41 ஹோம் ரன் அடித்து வென்றார். முதல் சுற்றில் மட்டும் 24. அந்தப் பருவத்தின் ஆட்டங்களில் போட்டிக்கு முன் 18 அடித்திருந்தவர், பின்னர் அடித்தது 6. அடுத்த ஆண்டு இறுதிச் சுற்று வரை வந்த டேவிட் ரைட்டுக்கு முன் 20, பின் 6.

நூல் தரும் விளக்கம் எளியது. பாதிப் பருவம் வரை மிக நன்றாக அடித்தவர்களைத்தான் போட்டிக்கு அழைக்கிறார்கள். அந்த அடியில் திறமையும் உண்டு, அந்தச் சில மாதங்களில் வாய்த்த நல்ல நேரமும் உண்டு. திறமை கூடவே வரும். நேரம் அப்படியே தொடரவேண்டும் என்பதில்லை. ஆகவே போட்டியே நடக்காவிட்டாலும் அவர்களில் பலருக்கு எண்ணிக்கை குறைந்துதான் இருக்கும்.

ஆங்கிலத்தில் ‘ரிக்ரெஷன் டு த மீன்’ எனப்படும் இந்த நிகழ்வுக்குத்தான் தமிழ்ப் பெயர் வேண்டும். ‘சராசரி நோக்கிய பின்னடைவு’ என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. ‘பின்னடைவு’ என்று படித்த மாணவர், ஆட்டக்காரர் கெட்டுப்போனார் என்றே எடுத்துக்கொள்வார். இயல் மறுக்கிற கருத்தைச் சொல்லே கற்றுக்கொடுத்துவிடும்.

செ., சென்னை

அக்கா, தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடநூலில் ரிக்ரெஷனுக்குத் ‘தொடர்புப் போக்கு’ என்று இருக்கிறதே. ‘சராசரி நோக்கிய தொடர்புப் போக்கு’ என்று போட்டால் பொருளே வராது, ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், ‘ரிக்ரெஷன்’ என்றே எழுதிவிடுங்கள். என் அலுவலகத்தில் தமிழில் பேசுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். மாணவர் நாளை வேலைக்குப் போகும்போதும் அந்தச் சொல்லைத்தான் கேட்கப்போகிறார்.

புலவர் தி.அ., தஞ்சாவூர்

தம்பி செ.வின் மடல் வருத்தம் தருகிறது. வேலைக்குப் போகும்போது கேட்கப்போகும் சொல்லைத்தான் வகுப்பிலும் கேட்கவேண்டும் என்றால் தமிழில் நூல் எதற்கு?

இன்னொன்றும் சொல்லவேண்டும். எல்லோரும் ‘பின்னடைவை’ப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். ‘சராசரி’யை யாரும் கேட்கவில்லை. அது பாரசீகச் சொல், உருது வழியாக நம்மிடம் வந்தது. கணக்கு வழக்குகளோடு வந்து மராத்தி, தெலுங்கு, கன்னடம் எல்லாவற்றிலும் உட்கார்ந்துகொண்டது. சிலர் இதைச் ‘சராசரம்’ என்பதோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். அது வேறு. சரம், அசரம் இரண்டும் சேர்ந்தது, இயங்குவதும் இயங்காததும் என்று பொருள்படும் வடசொல்.

நம்மிடம் ‘நிரவு’ என்ற வினை இருக்கிறது. மேட்டை வெட்டிப் பள்ளத்தில் இட்டு நிலத்தை நிரவுகிறோம். கூட்டிப் பகுத்து எல்லோருக்கும் ஒரே அளவாக்குவதும் அதே வேலைதான். எனவே ‘நிரவல்’ என்பதே இதற்கு உரிய சொல். ‘நிரவல் மீளல்’ என்று வைத்துப் பாருங்கள்.

செ., சென்னை

ஐயா, நிரவல் என்றதும் எனக்குக் கச்சேரிதான் நினைவுக்கு வருகிறது. பாடகர் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப விரித்துப் பாடுவாரே, அது.

புலவர் தி.அ.

அதுவும் இதே வேர்தான் என்பது என் எண்ணம். சொற்களைத் தாளத்துக்குள் பரப்பி இடுவது. விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

க.ந., யாழ்ப்பாணம் (செவ்வாய்)

வணக்கம். எங்கள் பாடநூல்களில் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்திருக்கிறது. நீங்கள் கூட்டுச் சராசரி, இடைநிலை, முகடு என்பவற்றை நாங்கள் இடை, இடையம், ஆகாரம் என்று படித்தோம், படிப்பிக்கிறோம். புலவர் ஐயா தேடும் நல்ல தமிழ்ச்சொல் ‘இடை’யாகவே கிடக்கிறது. உங்கள் ‘தொடர்புப் போக்கு’க்கு எங்களிடம் ‘பிற்செலவு’. ஆக, ‘இடை நோக்கிய பிற்செலவு’.

செலவு என்றால் பணம் மட்டும்தானா? ‘செலவினும் வரவினும் தரவினும் கொடையினும்’ என்று தொல்காப்பியம் சொல்கிற செலவு, போதல். பாலைத்திணையில் தலைவன் செலவழுங்குகிறானே (பயணம் போகாமல் தயங்கி நிற்கிறானே), அதே செலவு.

வா., மதுரை

க.ந. அண்ணா, ‘பிற்செலவு’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இங்கே என் மாணவர்களிடம் இன்று சொல்லிப் பார்த்தேன். “பிறகு வரும் செலவா, மேடம்?” என்று மூன்று பேர் கேட்டார்கள். ‘இடை’ என்றால் இடுப்பு என்கிறார்கள். தொல்காப்பியம் தெரிந்தவர்களுக்கு மட்டும் விளங்கும் சொல்லை நான் அச்சிட முடியாது.

க.ந., யாழ்ப்பாணம்

எங்கள் பிள்ளைகள் யாரும் இடுப்பை நினைப்பதில்லை. பழகினால் எந்தச் சொல்லும் விளங்கும். தமிழ்நாட்டில் பழகவில்லை என்பதற்காகச் சொல்லைக் குறை சொல்லக்கூடாது.

இரா.மு., நியூ ஜெர்சி

இங்கே இருபது ஆண்டுகளாகப் பேஸ்பால் பார்க்கிறேன். சொல்லைப் பற்றிப் பேசும் முன் எண்களைப் பற்றிக் கொஞ்சம்.

அப்ரேயு 2003-இல் 20, 2004-இல் 30, 2005-இல் 24 அடித்தார். முழுப் பருவத்தைப் பார்த்தால் 2005-இல் விழுந்ததாகவே தெரியாது. பருவத்தின் நடுவில் கோடு போட்டதால்தான் அப்படித் தெரிகிறது. கோடும் சரிபாதியில் இல்லை. 162 ஆட்டங்களில் பாதிக்கும் மேல் அந்த ஜூலை இடைவேளைக்கு முன்பே முடிந்துவிடும். ஆகவே பின்பகுதி எண்ணிக்கை எப்படியும் கொஞ்சம் குறையும்.

எல்லோரும் விழுவதும் இல்லை. 2006-இல் பிட்ஸ்பர்க்கில் வென்றவர் ரயன் ஹவர்ட். முன் 28, பின் 30. அந்த ஆண்டு மொத்தம் 58. ரைட்டின் கதையைச் சொல்கிறவர்கள் அதே போட்டியில் அவரை வென்றவரைச் சொல்வதில்லை. 2018-இல் வாஷிங்டனில் தன் சொந்த மைதானத்தில், தந்தை பந்து போட, பிரைஸ் ஹார்ப்பர் வென்றார். அதற்கு முன் அவருடைய அடிச் சராசரி (அடிக்க வந்த வாய்ப்புகளில் எத்தனை பங்கு வெற்றி என்பது) 0.214 என்று படுத்துக்கிடந்தது. பின்பகுதியில் 0.300. ஹோம் ரன் 23-இலிருந்து 11 ஆகக் குறைந்தது உண்மை. ஆனால் அடிச் சராசரி ஏறியது. அதுவும் இதே நிகழ்வுதானே? தாழ்ந்து கிடந்தது மேலே வந்தது. எனவே பின்னடைவு, சரிவு, வீழ்ச்சி என்று கீழ்நோக்கிப் பார்க்கும் எந்தச் சொல்லும் வேண்டாம்.

மெதுவாக வரும் பந்துகளை ஓயாமல் தூக்கி அடித்தால் மட்டை வீச்சு கெட்டுவிடும் என்பார்கள். சரிபார்க்க ஒரே வழி, முன்பகுதியில் அதே அளவு அடித்தும் போட்டிக்குப் போகாதவர்களோடு ஒப்பிடுவது. அப்படி ஒப்பிட்டவர்களில் பலரும் போட்டியால் தனியாகக் கெடுதல் எதுவும் காணவில்லை.

செ., சென்னை

‘சராசரி ஈர்ப்பு’? மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் இழுக்கும்.

வா., மதுரை (புதன் இரவு)

செ., முதலில் எனக்கும் பிடித்தது. ஆனால் இழுக்க எதுவும் இல்லையே, தம்பி. பின்பகுதியில் மிக அதிகமாக அடித்தவர்களைப் பொறுக்கி எடுத்து, அவர்களுடைய முன்பகுதியைப் பாருங்கள். அங்கேயும் குறைவாகத்தான் இருக்கும். காலத்தைத் திருப்பிப் பார்த்தாலும் அதே நடக்கிறது. ஈர்ப்பு என்றால் ஒரு விசை வேண்டும். எந்த விசையும் பின்னோக்கி வேலை செய்யாது.

இதை முதலில் எழுதிய ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1886-இல் 205 பெற்றோர் இணைகளின் உயரத்தையும் அவர்களுடைய 928 பிள்ளைகளின் உயரத்தையும் எடுத்துக்கொண்டார். பெற்றோர் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருந்தார்களோ, பிள்ளைகள் ஏறத்தாழ அதில் மூன்றில் இரண்டு பங்கே விலகியிருந்தார்கள். முன்னதாகப் பட்டாணி விதைகளை ஆராய்ந்தபோது ‘மீள்வு’ என்று பொருள்படும் சொல்லைத்தான் அவரே பயன்படுத்தினார். பிறகுதான் மாற்றினார். நாம் அவருடைய முதல் சொல்லை எடுத்துக்கொண்டால் என்ன? ‘சராசரி நோக்கிய மீள்வு’.

இயலில் இன்னொரு சொல் இருந்தது, அதைப் பற்றி நான் கேட்கவே இல்லை. போட்டியால் வரும் ‘சாபம்’ என்று எழுதியிருந்ததை இன்று ‘கண்ணேறு’ என்று மாற்றிவிட்டேன். ஒருவர் உச்சத்தில் இருக்கும்போது ஊரே பார்த்து வியக்கிறது, அடுத்து அவர் சறுக்குகிறார், கண் பட்டுவிட்டது என்கிறோம். ‘கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது’ என்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இஸ்ரேல் விமானப்படைப் பயிற்றுநர்கள், பாராட்டினால் மாணவர் அடுத்த முறை மோசமாக ஓட்டுகிறார் என்று நம்பியதை உளவியலாளர் டேனியல் கானமன் எழுதியிருக்கிறார். அதுவும் கண்ணேறுதான்.

புலவர் தி.அ.

‘கண்ணேறு’ மிகச் சிறப்பு. கண் எறிதல், கண்ணேறு. மனமார வாழ்த்துகிறேன்.

‘ஹோம் ரன்’னை அப்படியே விட்டுவிட்டீர்களே, அம்மா. ‘வீட்டோட்டம்’ என்று வைத்தால், வீடு என்பதற்கு விடுதலை என்ற பொருளும் உண்டு. நான்கு தளங்களையும் கடந்து வந்தவனை இனி யாரும் வீழ்த்த முடியாது. அறம், பொருள், இன்பம், வீடு என்பதும் நான்குதான்.

க.ந., யாழ்ப்பாணம்

எங்கள் ஊரில் சிறுவர் விளையாட்டில் ‘தாச்சி’ உண்டு. ஓடிவந்து தாச்சியைத் தொட்டால் தப்பித்தோம். ‘தாச்சியோட்டம்’ இன்னும் பொருந்தும்.

இரா.மு., நியூ ஜெர்சி

இரண்டும் அழகு. ஆனால் செய்தித்தாளில் ‘ஹோம் ரன்’ என்றே படித்துப் பழகியவர்களுக்கு அதையே விடுங்கள். ‘சிக்சர்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஹோம் ரன்னுக்குக் கிடைப்பது ஒன்று முதல் நான்கு ஓட்டம்.

‘மீள்வு’க்கு என் வாக்கு.

செ., சென்னை (வியாழன்)

எனக்கு இன்னும் ‘ரிக்ரெஷன்’தான். ஆனால் ‘மீள்வு’ விளங்குகிறது. சரி.

க.ந., யாழ்ப்பாணம்

மன்னிக்கவேண்டும், நான் உடன்பட முடியாது. மீள்வது என்றால் போய்ச் சேர்வது. ஊர் மீண்டான் என்றால் ஊருக்குள் வந்துவிட்டான். 2017-இல் ஆரன் ஜட்ஜ் போட்டியில் வென்றார். முன் 30, பின் 22, மொத்தம் 52. ஆகஸ்டில் மிகவும் தடுமாறினார், பருவம் முடிந்ததும் இடத் தோளில் அறுவை சிகிச்சையும் நடந்தது. அப்படியிருந்தும் அந்த 22 எந்தச் சராசரி ஆட்டக்காரரின் எண்ணிக்கை? அவர் சராசரிக்கு மீளவில்லை. அதன் பக்கமாகக் கொஞ்சம் வந்தார், அவ்வளவுதான். கால்டன் கண்டதும் மூன்றில் இரண்டு பங்குதானே. ‘அணுகல்’ என்றால்கூட ஏற்பேன்.

வா., மதுரை (வியாழன் இரவு)

அண்ணா, நீங்கள் சொல்வது சரி. அதனால்தான் ‘சராசரிக்கு மீள்வு’ என்று எழுதாமல் ‘நோக்கிய’ என்பதை விடாமல் வைத்திருக்கிறேன். மீளும் திசையை மட்டும் சொல்கிறது, சேர்ந்ததைச் சொல்லவில்லை. உங்கள் ஜட்ஜ் எடுத்துக்காட்டைப் பயிற்சிக் கணக்காகச் சேர்த்துவிட்டேன்: “இவர் சராசரியை அடைந்தாரா? தோள் வலியின் பங்கை எப்படிப் பிரித்தறிவீர்கள்?”

‘சராசரி நோக்கிய மீள்வு’ என்றே கோப்பு காலையில் போகிறது. பின்னிணைப்புச் சொல்லடைவில் ‘இடை நோக்கிய பிற்செலவு (இலங்கை)’ என்பதையும் சேர்த்திருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

க.ந., யாழ்ப்பாணம்

சொல்லடைவில் சேர்த்ததற்கு நன்றி, தங்கச்சி. ‘அணுகல்’ என்பதில் நான் இன்னும் நிற்கிறேன்.

புலவர் தி.அ.

நிரவல் பற்றிய தனி மடல் நாளை வரும்.