டவ்காட் (மெயில் சர்வர் மென்பொருள்) 2.4-க்கு மாறியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

காரைக்குடி:
ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கும் ஒருவருக்கு மெயில் சர்வர் நான்தான் பார்க்கிறேன். சர்வரின் ஆபரேட்டிங் சிஸ்டமான டெபியனில் 12-லிருந்து 13-க்குப் போனால் டவ்காட் 2.3 போய் 2.4 வந்துவிடும். பழைய கான்ஃபிக் (செட்டிங்குகள் எழுதிய ஃபைல்) அதில் ஓடாது என்று தெரிந்ததால், முதலில் ஒரு டெஸ்ட் மெஷினில் ஏற்றிப் பார்த்தேன். எதிர்பார்த்தபடியே சர்வீஸ் எழவில்லை. எந்தப் பதிப்புக்கான கான்ஃபிக் என்று முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். மெயில் லொகேஷன் என்று ஒரே வரியில் இருந்தது டிரைவர் (சேமிக்கும் முறை), பாத் (இடம்) என்று பிரிந்துவிட்டது. பாஸ்வேர்டையும் பயனர் விவரத்தையும் எங்கே பார்ப்பது என்று சொல்லும் பாஸ்டிபி, யூசர்டிபி பகுதிகளுக்குப் பெயர் கட்டாயம். இதெல்லாம் ஒரு சாயங்கால வேலை, விடுங்கள்.

தலைவலி ரெப்ளிகேஷன்தான். இங்கே ஒரு சர்வர், சென்னை ஷோரூமில் ஒன்று; ஒன்றில் மெயில் விழுந்தால் உடனே மற்றதிலும் இருக்கும். அதைச் செய்துவந்த ரெப்ளிகேட்டரை 2.4-ல் எடுத்தே விட்டார்கள். பல சர்வர் இருந்தால் ஒவ்வொருவரையும் ஒரே சர்வருக்கு அனுப்பிவைக்கும் டைரக்டரும் போயிற்று. "நல்லா ஓடிக்கிட்டிருந்ததை எதுக்குத் தம்பி எடுத்தாங்க?" என்றார் முதலாளி. நியாயமான கேள்விதான், என்னிடம் பதில் இல்லை.

நல்லவேளை, இரண்டு பக்க மெயிலையும் ஒன்றாக்கும் டவ்அட்மின் சிங்க் கட்டளை இன்னும் இருக்கிறது. டைமர் போட்டு ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஓட விட்டிருக்கிறேன். எல்லோரும் காரைக்குடி சர்வரில்தான் மெயில் பார்ப்பார்கள், சென்னை சும்மா காத்திருக்கும். காரைக்குடி சர்வர் படுத்தால் கடைசி ஐந்து நிமிஷ மெயில் சென்னையில் இருக்காது. அதை முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ஒன்று மட்டும் கவனம்: சிங்க் இருக்கவேண்டிய இடத்தில் பேக்கப் கட்டளையைப் போட்டுவிடாதீர்கள். அது ஒருவழி. அந்தப் பக்கம் மட்டும் வந்திருக்கும் மெயிலை அழித்துவிடும்.

கானாடுகாத்தான்:
அண்ணே, எங்களுக்கு ஒரே சர்வர்தான், அதனால் ரெப்ளிகேஷன் கவலை இல்லை. அடி விழுந்தது தேடலில். பழைய செட்டியார் வீட்டை ஓட்டலாக மாற்றிய இடம் இது. வந்தவர்களே திரும்பத் திரும்ப வருவார்கள். போன தடவை எந்த அறை கேட்டார்கள், காரம் குறைக்கச் சொன்னார்களா என்று ரிசப்ஷனில் பழைய மெயிலைத்தான் துழாவுவார்கள். அந்தத் தேடலுக்கு ஸ்க்வாட் என்ற இண்டெக்ஸ் வைத்திருந்தோம். 2.4-ல் ஸ்க்வாட்டும் இல்லை, இன்னொரு இண்டெக்ஸான லூசீனும் இல்லை. அதற்குப் பதில் ஃபிளாட்கர்வ் கூடவே வருகிறது. ராத்திரியில் புது இண்டெக்ஸ் கட்ட விட்டேன். காலையில் தேடல் பறந்தது.

அப்புறம்தான் ரிசப்ஷன் பெண் கூப்பிட்டது. "சார், பில் நம்பர்ல கடைசி நாலு எண்ணைப் போட்டா வரவே மாட்டேங்குது." பழையதில் சொல்லின் நடுவில் இருக்கும் துண்டைப் போட்டாலும் வரும். புதியதில் சொல்லின் தொடக்கத்திலிருந்து அடித்தால்தான் வரும். நடுத்துண்டு வேண்டுமானால் தனியாக ஒரு செட்டிங்கை ஆன் செய்ய வேண்டும். செய்தால் இண்டெக்ஸ் நன்றாகவே ஊதுகிறது. டிஸ்க் இருந்ததால் ஆன் செய்துவிட்டேன்.

தேவகோட்டை:
தம்பிகளா, புதுப் பதிப்பில் இருந்த வசதியை எடுத்துவிடுவது புதுசில்லை. மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்ச் 2007-லிருந்து 2010-க்கு ஒரு ஆபீஸை மாற்றிக் கொடுத்தேன். பழையதில் ஒரே அட்டாச்மெண்டை எல்லோருக்கும் அனுப்பினாலும் அந்த டேட்டாபேஸில் ஒரு பிரதிதான் இருக்கும். 2010-ல் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள், ஆளுக்கொரு பிரதி. டிஸ்க் மலிவாகிவிட்டது, படிப்பதும் எழுதுவதும் குறைந்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு. அந்த ஆபீஸிலோ தீபாவளி வாழ்த்தைக்கூடப் பெரிய படமாக எல்லோருக்கும் அனுப்புவார்கள். மெயில்பாக்ஸ்களை நகர்த்த நகர்த்த டேட்டாபேஸ் வீங்கியதை உட்கார்ந்து பார்த்தேன். டிஸ்க் வாங்கத்தான் வேண்டியிருந்தது.

காரைக்குடி:
கானாடுகாத்தான் தம்பி, அந்தச் செட்டிங்கை எல்லோருக்கும் போடாமல் ரிசப்ஷன் மெயில்பாக்ஸுக்கு மட்டும் போட முடிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். எங்கள் முதலாளியும் ஆர்டர் நம்பரின் வாலைத்தான் தேடுவார்.