திட்டத்தில் வந்த விதைக் கிழங்கு மணக்கிறது, நடலாமா?

குப்பிளான் தோட்டம்:
வணக்கம் அண்ணைமார். 4 பரப்பில் (கால் ஏக்கர்) உருளைக்கிழங்கு நட அரசாங்கத் திட்டத்தில் பெயர் கொடுத்து, என் பங்குப் பணமும் கட்டினேன். நேற்று 50 கிலோச் சாக்கு 4 வந்தது. இரண்டு நல்லது, முளை பிடித்திருக்கிறது. மூன்றாவதை அவிழ்த்ததும் அழுகல் மணம் முகத்தில் அடித்தது. கை விட்டால் கூழ் மாதிரி ஒட்டுகிறது. நாலாவதை இன்னும் அவிழ்க்கவில்லை. கார்த்திகை முடியப் போகிறது, பிந்தினால் பங்குனி வெயிலில் மாட்டிக்கொள்வேன். அழுகினதை எறிந்துவிட்டு மிச்சத்தை நடலாமா? போன வருடம் நடப்போகிற அந்தக் காணித் துண்டில் புகையிலை நின்றது.

உரும்பிராய் ஐயா:
அவசரப்பட வேண்டாம் தம்பி. சாக்கையும் அதில் கட்டியிருக்கிற அட்டையையும் சேர்த்துப் படம் எடுங்கள். கமக்காரர் அமைப்புக்கும் விவசாயப் போதனாசிரியருக்கும் இன்றைக்கே சொல்லுங்கள். சாக்கை எறிந்த பிறகு முறையிட ஒன்றும் இருக்காது.

இணுவில் கமம்:
கூழாகி மணக்கிறது மென்னழுகல். காற்றில்லாத சாக்கில் ஈரம் பட்டால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பரவும். நான் பயப்படுவது அதற்கல்ல, பற்றீரியா வாடல் நோய்க்கு. நல்லதாகத் தெரிகிற கிழங்கில் நாலைந்தைக் குறுக்கே வெட்டுங்கள். தோலுக்குச் சற்று உள்ளே மண்ணிற வளையம் தெரிந்து, நசுக்கினால் பால்போலக் கசிந்தால் அந்தச் சாக்கு முழுவதையும் ஒதுக்குங்கள். அந்தக் கிருமி மண்ணில் வருடக்கணக்கில் இருக்கும், பிறகு மிளகாயும் கத்தரியும் வாடும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைச் சவர்க்கார நீரில் கழுவி, நெருப்பில் காட்டுங்கள்.

அப்புறம் அந்தத் துண்டு. புகையிலையும் உருளைக்கிழங்கும் ஒரே குடும்பம், நோயும் பொது. வெங்காயம் நின்ற துண்டு இருந்தால் அங்கே மாற்றுங்கள்.

உரும்பிராய் ஐயா:
அழுகினதை எருக் குவியலில் போட வேண்டாம், கிணற்றடியிலும் புதைக்க வேண்டாம். எங்கள் யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணக்கல், மேலே போட்டது கீழே கிணற்று நீருக்கு இறங்கும். போதனாசிரியர் பார்த்த பிறகு தோட்டத்துக்கு வெளியே குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவி மூடுங்கள்.

குப்பிளான் தோட்டம்:
நன்றி ஐயா, நன்றி அண்ணை. ஆறு கிழங்கு வெட்டினேன், வளையம் இல்லை. நாலாவது சாக்கிலும் அடியில் ஈரம். மணக்கிற சாக்கைத் தனியாகக் கொட்டிலில் வைத்தேன். மற்ற மூன்றையும் பொறுக்கி, நிழலில் ஒற்றை அடுக்காகப் பரப்பியிருக்கிறேன். போதனாசிரியர் நாளைக் காலை வருகிறாராம். வெங்காயத் துண்டு ஒன்றரைப் பரப்புத்தான், நல்ல கிழங்கில் அதற்கான அளவை அங்கே நடுகிறேன். மிச்சத்தை எங்கே நடுவது, கெட்ட சாக்குக்கு மாற்று வருமா என்று அவரிடமே கேட்கிறேன்.

இணுவில் கமம்:
மாற்று தருவதாகச் சொன்னால் வாயால் மட்டும் கேட்டு வராதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். எனக்கு ஒருமுறை வாய்ப்பேச்சோடு பருவமே போய்விட்டது.