பேட்டரி லைட் அணையவே மாட்டேங்குது: கோளாறு எங்கே இருந்தது?

பத்து-பன்னெண்டு ஸ்பேனர்:
ரெண்டு பேட்டரி, ஒரு டைனமோ (இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் பண்றது) மாத்தியும் பேட்டரி லைட் அணையாத பெட்ரோல் ஹேட்ச்பேக். முழுசா எரியறதில்லை. ராத்திரி டேஷ்போர்டைக் கையால மறைச்சுப் பார்த்தாத்தான் தெரியும், சாம்பல் மூடின பீடி முனை மாதிரி லேசா ஒரு சிவப்பு. ஹெட்லைட் போட்டா கொஞ்சம் கூடும்.

பேட்டரியில மீட்டர் 13.1 காட்டுது. டைனமோ பின்னாடி சார்ஜ் வெளியே வர்ற பி பிளஸ் போல்ட்டுல 14.3. நடுவுல 1.2 வோல்ட் காணோம். புது டைனமோ ஒழுங்கா சார்ஜ் விடுது, அது பேட்டரிக்குப் போய்ச் சேரல. காரணம், பாசிட்டிவ் கிளாம்ப் மேல உட்கார்ந்திருக்கற 100 ஆம்பியர் பியூசபிள் லிங்க்தான் (கரண்ட் மீறினா உருகற பெரிய பியூஸ்). மேலே பார்த்தா பளபளன்னு இருக்கு. நட்டைக் கழட்டித் திருப்பினா அடிப்பக்கம் பச்சை பூத்து, பிளாஸ்டிக் பழுப்பா உருகியிருக்கு. நட்டு லூஸ், அதனால சூடு, சூட்டுல இன்னும் லூஸ்.

இந்த டெஸ்ட்டுக்கு அஞ்சு நிமிஷம் போதும். டிசி 20 வோல்ட் ரேஞ்ச், சிவப்பு முனை பி பிளஸ்ல, கருப்பு முனை பேட்டரி பாசிட்டிவ்ல. ஹெட்லைட், புளோயர் ஆன், 2000 ஆர்பிஎம். 0.2க்கு மேல போனா வயர், லிங்க், லக் (வயர் முனையில இருக்கற வளையம்) மூணையும் பாருங்க. அப்புறம் டைனமோ பாடிக்கும் நெகட்டிவுக்கும் நடுவுலயும் அதே மாதிரி. முனையைக் கிளாம்ப்ல வைக்காதீங்க, பேட்டரியோட ஈயக் கட்டையில வைங்க. கிளாம்ப்புக்குள்ள உப்பு பூத்திருந்தா அந்த இழப்பு மீட்டர்ல வராது.

பழைய டீசல்:
இதெல்லாம் பெட்ரோல் வண்டிக் கதை. ஜீப் மாதிரி பழைய டீசல்ல பிரேக்குக்கான வேக்குவம் பம்ப் டைனமோ முதுகுலயே இருக்கும். மூணு மாசத்துக்கொரு தடவை கார்பன் பிரஷ் (டைனமோவுக்குள்ள சுத்துற ஸ்லிப் ரிங்குக்குக் கரண்ட் கொடுக்கறது) தின்ன வண்டி ஒண்ணு. குழியில தடக்குன்னா லைட் எரியும், அடுத்த குழியில அணையும். டைனமோ முதுகுல ஸ்பேனர் பிடியால ஒரு தட்டு தட்டினா கொஞ்ச நேரத்துக்கு அணைஞ்சிடும்.

கழட்டினா பிரஷ் தேயவே இல்ல, ஆயில்ல ஊறி ஹோல்டர்லயே ஒட்டிக்கிச்சு. ஸ்பிரிங் தள்ளியும் ஸ்லிப் ரிங்கைச் சரியாத் தொடல. பம்ப் ஆயில் சீல் போயிருக்கு. சீல் மட்டும் மாத்தினா திரும்பவும் வரும். ஆயில் இறங்குற ரிட்டர்ன் ஓஸ் அடைச்சிருந்தா ஆயில் தேங்கிப் புது சீலையும் தாண்டிடும். ஓஸைக் கழட்டி ஊதிப் பார்க்கணும். பிரஷ் வெளியே 5 மில்லிமீட்டருக்குக் கம்மியா நீட்டியிருந்தா மாத்து, ரிங்ல பள்ளம் இருந்தா லேத்துக்கு அனுப்பு.

மீட்டரெல்லாம் எதுக்கு? வண்டி ஓடும்போதே நெகட்டிவைக் கழட்டு. ஆஃப் ஆகலன்னா டைனமோ நல்லாயிருக்கு.

டெஸ்ட்லேம்ப்:
பழைய டீசல் அண்ணே, ரிட்டர்ன் ஓஸ் விஷயம் சரி. கடைசி வரியை மட்டும் யாரும் செஞ்சிடாதீங்க. உங்க வண்டியிலயே அதுல ஒண்ணும் தெரியாது. கம்பியை இழுத்து நிறுத்துற மெக்கானிக்கல் பம்ப் டீசல், டைனமோவையே கழட்டி வெச்சாலும் ஓடும். ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) இருக்கற வண்டியில பேட்டரியைப் பிடுங்கினா, சார்ஜ் போயிட்டிருந்த கரண்டுக்குப் போக்கிடம் இல்லாம வோல்டேஜ் ஒரு நொடிக்கும் கம்மியான நேரத்துல பல மடங்கு ஏறும். முதல்ல டைனமோவுக்குள்ள ஏசியை டிசியா மாத்துற டயோடு போகும், அப்புறம் ஈசியூ. ஒரு டெஸ்ட்டுக்காக இவ்வளவு செலவா?

இன்னொண்ணு, யாரும் கேக்கல, இருந்தாலும். சாவி போட்டதும் இன்ஜின் எடுக்கறதுக்கு முன்னாடி லைட் எரியுதா பாருங்க. எரியாத வண்டிதான் மோசம். பல்ப் போயிருக்கணும், இல்ல பிரஷ் ரிங்கைத் தொடாம இருக்கணும். பழைய டைனமோவுக்கு முதல் கரண்டே அந்த பல்ப் வழியாத்தான் போகும்.

டயோடு பார்க்க, இன்ஜின் ஓடும்போது மீட்டரை ஏசி வோல்ட்ல வெச்சு பேட்டரியில பிடிங்க. 0.5 தாண்டினா டயோடு பிளேட் காலி. ஒரு டயோடு மட்டும் போனாலும் ஐடில்ல 13.6 காட்டி ஏமாத்தும். ராத்திரி நிறுத்தி வெச்சா காலையில செல்ஃப் எடுக்காம போகலாம்.

15 வோல்ட் தாண்டினா வோல்டேஜைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டர் போயிருக்கு. நம்ம ஊர்ல இன்னும் கட்டவுட்னு சொல்றது. புது வண்டிகள்ல டைனமோவை ஈசியூவே கூட்டிக் குறைக்கும், 12.8 பார்த்துட்டுக் கழட்டிடாதீங்க. ஹெட்லைட் போட்டா ஏறுதா பாருங்க. நெகட்டிவ் கிளாம்ப்ல சின்ன பெட்டி மாதிரி, பேட்டரிக் கரண்டை அளக்கற சென்சார் இருந்தா, ஆம்ப்ளிஃபையர், ஹாரன் எர்த்தை பேட்டரிக் கட்டையில கொடுக்காதீங்க, பாடியில கொடுங்க. கட்டையில கொடுத்தா அந்தக் கரண்ட் சென்சாருக்குத் தெரியாது, கணக்கு தப்பும்.

வி பெல்ட்:
சின்னதா ஒண்ணு. தேங்கின மழைத்தண்ணியில இறங்கினதும் லைட் எரிஞ்சு, ரெண்டு கிலோமீட்டர்ல அணையுதுன்னா டைனமோவைத் தொடாதீங்க, பெல்ட் வழுக்குது. அப்படி வந்த ஒரு வண்டிக்கு மூணு தடவை பெல்ட்டை இழுத்துக் கட்டியாச்சு, பிரயோஜனமில்ல. பெல்ட்டை எடுத்துட்டு டார்ச் அடிச்சா, புல்லி பள்ளத்தோட அடிப்பாகம் கண்ணாடி மாதிரி மின்னுது. வி பெல்ட் பக்கவாட்டுலதான் பிடிக்கணும், அடியைத் தொடவே கூடாது. அடி மின்னினா பெல்ட்டோ புல்லியோ தேஞ்சாச்சு. புது பெல்ட்டும் அடி தொட்டா புல்லியை மாத்தணும். சும்மா இழுத்து இழுத்துக் கட்டினா டைனமோ பேரிங்தான் போகும். ரெண்டு புல்லிக்கு நடுவுல பெல்ட்டைக் கட்டை விரலால அமுக்கினா 10 மில்லிமீட்டர் அளவு இறங்கணும்.

பழைய டீசல்:
டெஸ்ட்லேம்ப் தம்பி, முப்பது வருஷமா அப்படித்தான் பார்க்கறாங்க, ஒண்ணும் ஆகல. கம்பி இழுக்கற டீசல்ல அந்த டெஸ்ட் செல்லாதுங்கறது மட்டும் சரிதான்.

பத்து-பன்னெண்டு ஸ்பேனர்:
வழியில லைட் எரிஞ்சா என்ன செய்யறதுன்னு யாரும் எழுதல. முதல்ல டெம்பரேச்சர் முள். டைனமோ பெல்ட்டே வாட்டர் பம்பையும் சுத்துற வண்டின்னா, அது அறுந்திருந்தா ஒரு அடி கூட ஓட்டக் கூடாது. பெல்ட் இருந்தா ஏசி, புளோயர், பாட்டு எல்லாம் ஆஃப். ஹெட்லைட் ரெண்டும் சேர்ந்தே 10 ஆம்பியர் இழுக்கும், 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி எவ்வளவு தாங்கும்? நடுவுல இன்ஜினை ஆஃப் பண்ணாதீங்க, மறுபடி செல்ஃப் எடுக்காம போகலாம். எலக்ட்ரிக் ஸ்டீயரிங் கனமாச்சுன்னா ஓரம் கட்டிடுங்க.

டைனமோவுல கை வைக்கறதுக்கு முன்னாடி, இன்ஜினை நிறுத்திட்டு நெகட்டிவைக் கழட்டிடுங்க. சாவியை எடுத்தாலும் பி பிளஸ் போல்ட்டுல கரண்ட் இருக்கும், ஸ்பேனர் பாடியில பட்டா அங்கேயே வெல்டிங்தான்.