முழங்கால் தேய்மானத்திற்குச் சீன ஊசி மருத்துவம்: வார்ஃபரின் உட்கொள்ளும் அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

தோ பாயோ வாசகி:
அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 68. இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம் இருப்பதாகப் பலதுறை மருந்தகத்தில் கூறியிருக்கிறார்கள். ஒழுங்கற்ற இதயத் துடிப்புக்காக, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினும் நீரிழிவுக்காக மெட்ஃபார்மினும் உட்கொண்டு வருகிறார். வார்ஃபரினுடன் சேர்ந்தால் இரத்தக் கசிவு ஏற்படலாம் என்பதால் இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை மருத்துவர் தடுத்துவிட்டார்; பாராசிட்டமால் மட்டும் போதவில்லை. எதிர்வீட்டுச் சீனப் பாட்டி, தமக்கு வழக்கமாகச் சிகிச்சை அளிக்கும் சின்சேயிடம் (சீனப் பாரம்பரிய மருத்துவரிடம்) அம்மாவை அழைத்துச் செல்ல முன்வந்திருக்கிறார். அந்தப் பாட்டியின் முதுகில் கோப்பை வைத்த இடமெல்லாம் கருஞ்சிவப்பு வட்டங்களாக இருப்பதைக் கண்டு அம்மாவுக்கு ஆர்வமும் எனக்கு அச்சமும் ஏற்பட்டுள்ளன. ஊசி, கோப்பை, மூலிகைச் சூடு ஆகியவற்றுள் எவை அம்மாவின் நிலைக்குப் பொருந்தும்? இவற்றால் உண்மையிலேயே பலன் உண்டா?

ஓய்வுபெற்ற தாதி:
சகோதரி, இவற்றைத் தனித்தனியே பார்ப்பதே நல்லது. ஒன்றுக்குச் சொல்வது மற்றொன்றுக்குப் பொருந்தாது.

முதலில் கோப்பை. சாராயத்தில் நனைத்த பஞ்சைக் கொளுத்தி, கண்ணாடிக் கோப்பைக்குள் ஒரு கணம் காட்டி எடுத்து, உடனே தோலில் கவிழ்ப்பார்கள். உள்ளிருக்கும் சூடான காற்று குளிரும்போது அழுத்தம் குறைந்து, தோலும் சதையும் மேலே இழுக்கப்படுகின்றன. அப்போது நுண்ணிய இரத்தக் குழாய்கள் உடைவதால்தான் நீங்கள் பார்த்த வட்டங்கள் தோன்றுகின்றன. ‘கழிவு வெளியேறுகிறது’ என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். அது வெறும் இரத்தக்கட்டுதான். மற்றவர்களுக்குச் சில நாள்களில் மறைந்துவிடும் அந்தத் தடம், வார்ஃபரின் எடுப்பவருக்குப் பெரிதாகப் பரவக்கூடும். தோலைக் கீறி இரத்தம் எடுக்கும் முறையை, அதாவது நம்மிடையே ஹிஜாமா என்று அறியப்படுவதை ஒத்த முறையை, அம்மாவுக்கு அறவே தவிர்க்க வேண்டும். மேலும், கோப்பை என்பது முதுகு, தோள் போன்ற சதைப்பற்றுள்ள இடங்களுக்கு உரியது. எலும்பு துருத்தி நிற்கும் முழங்காலில் அது சரியாகப் பற்றவும் பற்றாது.

ஊசியைப் பொறுத்தவரை அவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் தடிமனே உள்ள, உள்ளே துளையில்லாத ஊசி அது. இரத்தம் எடுக்கும் ஊசியோடு ஒப்பிடவே முடியாது. முழங்கால் வலிக்கு மூட்டைச் சுற்றியும், முழங்காலுக்கு நான்கு விரற்கடை கீழே, கால் எலும்பின் வெளிப்புறத்தில் உள்ள ‘ட்சூசான்லி’ என்ற புள்ளியிலும் பெரும்பாலும் குத்துவார்கள். குத்தும்போது சுரீரென்பதைவிட, உள்ளே கனமாக, மரத்ததுபோல் ஓர் உணர்வு ஏற்படும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசியாக இருக்க வேண்டும். எடுத்தபின் அந்த இடத்தைச் சற்று நேரம் பஞ்சால் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள்.

மூலிகைச் சூடு குறித்துத்தான் நான் கூடுதலாக எச்சரிப்பேன். நம் மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் உலர்ந்த இலையைச் சுருட்டாகச் சுருட்டி, கொளுத்தித் தோலுக்கு அருகில் காட்டுவார்கள். நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சுடுவதே தெரியாது. கொப்புளம் வந்தால் ஆறுவதற்கும் நாளாகும்.

ஈசூன் மாறன்:
பாதுகாப்பைப் பற்றித் தாதி அம்மையார் தெளிவாகச் சொல்லிவிட்டார். பலனைப் பற்றி நான் சொல்கிறேன். ஜெர்மனியில் முழங்கால் தேய்மானம் கொண்ட சுமார் 1,000 பேரிடம் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வில், சீன முறைப்படியான புள்ளிகளில் குத்தப்பட்டவர்களில் 53 விழுக்காட்டினருக்கு முன்னேற்றம் தெரிந்தது. புள்ளியே அல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 51 விழுக்காட்டினருக்கு முன்னேற்றம்! அப்படியென்றால் ‘சீ’ எனப்படும் உயிராற்றல் ஓடும் பாதைகள், நூற்றுக்கணக்கான புள்ளிகள் என்ற கோட்பாட்டுக்கு என்ன மதிப்பு? மூட்டுத் தேய்மானத்திற்கு அக்குபங்சர் எனும் இந்த ஊசிச் சிகிச்சையை அளிக்க வேண்டாம் என்று, சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வழிகாட்டியதற்கும் இத்தகைய முடிவுகளே அடிப்படை.

சிராங்கூன் ராஜன்:
மாறன் அவர்களே, அதே ஆய்வின் மூன்றாவது எண்ணையும் சொல்லியிருக்கலாம். ஊசியே இல்லாமல் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் முன்னேற்றம் கண்டவர்கள் 29 விழுக்காடு மட்டுமே. புள்ளிக் கோட்பாடு அடிபடுகிறது என்பதை ஏற்கிறேன். ஆனால் வலியோடு நடப்பவருக்குக் கோட்பாடா முக்கியம்? இந்த வேறுபாட்டைக் கருத்தில் கொண்டுதான் ஜெர்மனியின் பொதுக் காப்புறுதி 2007 முதல் முழங்கால் தேய்மானத்திற்கும் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கும் அக்குபங்சர் செலவை ஏற்கிறது. அமெரிக்க மூட்டுவாத மருத்துவர் கல்லூரியும் 2019இல் முழங்காலுக்கு அதை நிபந்தனையோடு பரிந்துரைத்தது.

அதற்காக எதை வேண்டுமானாலும் நம்பிவிடவும் கூடாது. 1971இல் பீக்கிங் சென்ற அமெரிக்கச் செய்தியாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்கு ஊசி மட்டும் குத்திக் குடல்வால் அறுவை செய்தார்கள் என்று இன்றுவரை பகிர்ந்துகொண்டே இருக்கிறார்கள். அறுவை நடந்தது வழக்கமான மரப்பு மருந்து கொடுத்துத்தான். பிறகு ஏற்பட்ட வயிற்று உப்புசத்துக்கே முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் ஊசி குத்தினார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார்.

தோ பாயோ வாசகி:
மூவருக்கும் மிக்க நன்றி. கோப்பையும் சூடும் வேண்டாம், ஊசி மட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். சின்சே ஏதேனும் மூலிகைத் தூள் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாமா? அவர் முறையாகப் பயின்றவரா என்பதை எப்படி அறிவது?

ஓய்வுபெற்ற தாதி:
தூள் வேண்டவே வேண்டாம், சகோதரி. சீன மருந்துகளில் அடிக்கடி சேரும் ‘டான்ஷென்’, ‘டாங்குய்’ ஆகிய இரண்டு வேர்களும் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டிவிடக்கூடியவை. ஊசியைவிட எனக்கு இதுதான் பெரிய கவலை. மாத்திரை அட்டையை எடுத்துச் சென்று முதலிலேயே காட்டிவிடுங்கள். பலதுறை மருந்தகத்திலும் ஊசி போட்டுக்கொள்ளவிருப்பதைத் தெரிவித்து, இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு கட்டுக்குள் இருக்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகு தொடங்குங்கள்.

சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சீன மருத்துவர்கள் வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். வாரியத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். செலவு ஒரு தடை என்றால், 1867 முதல் இன வேறுபாடின்றி இலவசமாகச் சிகிச்சை அளித்துவரும் தோங் சாய் மருத்துவ நிலையமும் இருக்கிறது. முதல் தடவை சிலருக்குத் தலைசுற்றி மயக்கம் வருவதுண்டு. அம்மாவைச் சாப்பிட வைத்தே அழைத்துச் செல்லுங்கள், உட்கார்ந்தபடி அல்லாமல் படுத்த நிலையில் குத்தச் சொல்லுங்கள்.