மாநகராட்சி பெர்மிட் கொடுத்த கட்டுமானத்தைக் குடியிருப்புச் சங்கம் தடுக்க முடியுமா? (ஹூஸ்டன்)

மேற்கு ஹூஸ்டன் வாசி:

அனைவருக்கும் வணக்கம். ஹூஸ்டன் மாநகர எல்லைக்குள், 1970களில் மனை பிரிக்கப்பட்ட ஒரு குடியிருப்பில் வீடு வாங்கிக் குடியிருக்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர் வெயில் படாமல் வெளியே உட்காரவும், எண்ணெய்ப் புகை கிளப்பும் சமையலை வீட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளவும் வசதியாகப் பின்பக்கத்தில் கூரை போட்ட பேட்டியோ ஒன்றைக் கட்டத் தொடங்கினோம். ஒப்பந்தக்காரர் வரைபடத்தைக் கொடுத்து மாநகராட்சியிடம் பெர்மிட் வாங்கினார். அடித்தளத்தைப் பார்வையிட்ட இன்ஸ்பெக்டரும் ஒப்புதல் அளித்துவிட்டார்.

தூண்கள் எழும்பிய நிலையில், சங்கத்துக்காக வேலை பார்க்கும் நிர்வாக நிறுவனத்திடமிருந்து சர்டிஃபைட் மெயிலில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. சங்கத்தின் கட்டிட ஒப்புதல் குழுவிடம் நாங்கள் முன்அனுமதி பெறவில்லை என்றும், நாங்கள் போட நினைக்கும் தகரக் கூரைக்கு இடமில்லை, வீட்டின் மேல் உள்ள அதே வகை ஷிங்கிள் என்ற மெல்லிய கூரை ஓடுதான் போட வேண்டும் என்றும் முதலில் சொல்கிறார்கள். அடுத்ததாக, பக்கவாட்டு எல்லையிலிருந்து ஐந்தடி விட வேண்டிய இடத்தில் எங்கள் தூண்கள் மூன்றரை அடியில் நிற்கின்றன என்கிறார்கள்.

ஹூஸ்டனில் ஸோனிங்கே (எந்தப் பகுதியில் எதைக் கட்டலாம் என்று நகரம் வகுக்கும் விதி) கிடையாது என்று எல்லோரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படியிருக்க, மாநகராட்சி அனுமதித்ததை ஒரு தனியார் சங்கம் மறுக்க முடியுமா? எங்கள் தெருவிலேயே தகரக் கூரை போட்ட ஷெட்டுகள் இருக்கின்றன. அவர்களை ஏன் யாரும் கேட்கவில்லை? அத்துடன், முன்வாசலில் செங்கல்லால் ஒரு சிறிய துளசி மாடம் கட்ட அம்மா ஆசைப்படுகிறார். இந்த நிலையில் அதைத் தொடங்கலாமா என்றும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பேயூ கரையோரம்:

முடியும். மாநகராட்சியின் பெர்மிட்டும் சங்கத்தின் ஒப்புதலும் தனித்தனியானவை. ஒன்று கிடைத்துவிட்டதால் மற்றொன்று தேவையில்லை என்று ஆகிவிடாது. நீங்கள் கட்டுவது கட்டிட விதிகளுக்கு உட்பட்டது என்பதற்கு மேல் பெர்மிட்டுக்குப் பொருள் இல்லை. சங்கம் பேசுவதோ, உங்கள் குடியிருப்பு மனைகளாகப் பிரிக்கப்பட்டபோதே கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் பதிவுசெய்யப்பட்டு, வீடு எத்தனை கை மாறினாலும் மனையோடு சேர்ந்தே வரும், அங்கே எதை எப்படிக் கட்டலாம் என்ற நிபந்தனைகளான டீட் ரெஸ்ட்ரிக்‌ஷன்களைப் பற்றி. வீட்டைப் பதிவுசெய்த நாளில் உங்கள் கையில் கொடுத்த காகிதக் கட்டில் அவற்றைப் பற்றிய குறிப்பு இருக்கும். அந்தக் கட்டை யாரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம். இரண்டு விதிகளில் எது கடுமையானதோ அதற்கே நீங்கள் கட்டுப்பட வேண்டியிருக்கும்.

ஸோனிங் இல்லை என்பது உண்மைதான். 1948, 1962, 1993 ஆகிய ஆண்டுகளில் வாக்காளர்கள் முன் வந்தபோதெல்லாம் அது தோற்றது. ஆனால் அதனால் ஹூஸ்டனில் எதையும் எங்கும் கட்டலாம் என்று நினைப்பது புதிதாக வருபவர்களுக்கு வழக்கமாக ஏற்படும் மயக்கம். பிற ஊர்களில் ஸோனிங் செய்கிற வேலையில் பெரும்பகுதியை இங்கே இந்த நிபந்தனைகள் செய்கின்றன, அதுவும் அரசின் துணையோடு. பொதுவாக இத்தகைய நிபந்தனை மீறப்பட்டால் சங்கமோ பக்கத்து வீட்டுக்காரரோதான் வழக்குத் தொடர வேண்டும். ஹூஸ்டனிலோ, 1965இல் மாநிலம் இயற்றிய சட்டத்தைத் தொடர்ந்து மாநகராட்சியின் சட்டத்துறையே நீதிமன்றத்துக்குப் போகும் அதிகாரம் பெற்றிருக்கிறது. மனையின் உபயோகம், எல்லையிலிருந்து விட வேண்டிய செட்பேக், மனையின் அளவு, கட்டிடங்களின் எண்ணிக்கை போன்றவை அந்த அதிகாரத்துக்குள் வரும். சுவரின் நிறம், தபால் பெட்டியின் வடிவம் முதலிய அழகு சார்ந்த விஷயங்களில் மாநகராட்சி தலையிடுவதில்லை.

ஆகவே கடிதத்தில் உள்ள இரண்டு குற்றச்சாட்டுகளும் ஒரே எடை கொண்டவை அல்ல. கூரை என்பது சங்கத்தோடு பேசித் தீர்க்கக்கூடியது. மூன்றரை அடி என்பது, ஒரு துறை பெர்மிட் கொடுத்த கட்டிடத்தின் மீது அதே மாநகராட்சியின் மற்றொரு துறை வழக்குப் போடக்கூடிய விஷயம். எனவே தூண்களுக்கு மேல் எதையும் ஏற்றாமல், முதலில் வேலையை நிறுத்துங்கள். நிபந்தனை மீறலுக்காக வழக்குத் தொடர்ந்து வெற்றி பெறும் தரப்புக்கு நியாயமான வழக்கறிஞர் கட்டணமும் கிடைக்க வேண்டும் என்று டெக்சஸ் சட்டம் சொல்கிறது. தோற்றால் இடிக்கும் செலவோடு எதிர்த்தரப்பின் கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும்.

இந்த நிபந்தனைகள் எந்த மனையின் மீது எழுதப்பட்டிருக்கின்றனவோ அந்த மனையை மட்டுமே கட்டுப்படுத்தும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரைஸ் பல்கலைக்கழகத்துக்கு அருகே, பிசோனெட் தெருவும் ஆஷ்பி தெருவும் சந்திக்கும் இடத்தில் 23 மாடிக் கட்டிடம் ஒன்று வரப்போவதாக 2007இல் செய்தி வந்தபோது, கடுமையான நிபந்தனைகள் கொண்ட சுற்றுவட்டாரக் குடியிருப்புகளால் அவற்றைக் காட்டி அதைத் தடுக்க முடியவில்லை. தொல்லை தரும் கட்டிடம் என்ற வேறு அடிப்படையில்தான் நீதிமன்றம் போனார்கள். சங்கத்தின் மீது எரிச்சல் வரும்போது, அது காவல் காக்கும் எல்லை எவ்வளவு சிறியது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

முன்னாள் போர்டு உறுப்பினர்:

மேலே சொன்னதை ஏற்கிறேன். சங்கத்தின் உட்பக்கம் எப்படி இயங்குகிறது என்பதைச் சேர்த்துச் சொன்னால் நீங்கள் பதில் எழுத வசதியாக இருக்கும்.

இத்தகைய கடிதங்களைச் சங்கத்தை நடத்தும் குழுவான போர்டு உட்கார்ந்து எழுதுவதில்லை. நிர்வாக நிறுவனத்தின் ஊழியர் குறிப்பிட்ட இடைவெளியில் தெருத்தெருவாகக் காரில் வந்து, கண்ணில் படுவதைப் படமெடுத்துக்கொண்டு போவார். ஆயத்தக் கடிதத்தில் உங்கள் முகவரியும் விதி எண்ணும் ஏறும். பின்பக்கத்துப் பேட்டியோ தெருவிலிருந்து தெரியாது என்பதால், உங்கள் விஷயத்தில் யாரோ புகார் கொடுத்திருக்க வாய்ப்பு அதிகம். யார் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

கடிதம் அஞ்சலில் சேர்க்கப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் போர்டின் முன் விசாரணை வேண்டும் என்று எழுத்தில் கேட்கும் உரிமையை டெக்சஸ் சொத்துச் சட்டத் தொகுப்பின் 209ஆம் அத்தியாயம் உங்களுக்குத் தருகிறது. கடிதம் உங்கள் கைக்கு வந்த நாள் கணக்கில்லை. அதனால் உறையைத் தூக்கி எறிய வேண்டாம். நீங்கள் கேட்ட 30 நாட்களுக்குள் அவர்கள் விசாரணை நடத்த வேண்டும். அதற்குக் குறைந்தது 10 நாட்கள் முன்னதாக, தாங்கள் முன்வைக்கப் போகும் ஆவணங்களையும் படங்களையும் உங்களுக்குக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் 15 நாள் ஒத்திவைப்பு உங்களுக்குத் தானாகவே கிடைக்கும். தொலைபேசியில் நிர்வாக நிறுவன ஊழியரிடம் கத்துவது இதில் எதற்கும் ஈடாகாது. நான் போர்டில் இருந்த காலத்தில், எதிரே வந்து உட்கார்ந்து வரைபடத்தை விரித்துக் காட்டியவர்களில் பெரும்பாலோருக்கு ஏதாவது ஒரு சமரசம் கிடைத்தது. கடிதத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டவர்களின் கோப்புகள்தான் வழக்கறிஞர் மேசைக்குப் போயின.

கட்டிட ஒப்புதல் குழுவுக்கு இப்போதாவது முறையாக விண்ணப்பியுங்கள். 2021இல் வந்த திருத்தத்தின்படி, 40க்கு மேல் மனைகள் உள்ள சங்கங்களில் போர்டு உறுப்பினரோ, அவருடைய கணவன் அல்லது மனைவியோ, அவர் வீட்டில் வசிப்பவரோ அந்தக் குழுவில் இருக்கக் கூடாது. மறுப்பதானால் என்ன காரணம், எதை மாற்றினால் ஒப்புக்கொள்வார்கள் என்பதை விவரமாக எழுதித் தர வேண்டும். அந்த மறுப்பின் மீதும் போர்டிடம் விசாரணை கேட்கலாம். ஷிங்கிள் போட்டுக்கொள்கிறேன் என்று நீங்களே முன்வந்துவிட்டு, செட்பேக் விஷயத்தில் மட்டும் விதிவிலக்குக் கேட்பதே புத்திசாலித்தனம் என்று எனக்குத் தோன்றுகிறது. பக்கத்து வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் கிடைத்தால் அதையும் இணையுங்கள். ஆனால் விதிவிலக்கு அளிக்கும் அதிகாரத்தை உங்கள் ஆவணம் போர்டுக்கோ குழுவுக்கோ கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் அவர்கள் மனமிரங்கினாலும் அந்த விதிவிலக்கு பின்னாளில் வீட்டை விற்கும்போது நிற்காது.

தெருவில் உள்ள தகரக் கூரைகளைப் பற்றி: விசாரணையில் அந்த வாதம் உதவும், அதையே நம்பியிருக்க முடியாது. சங்கம் தன் அதிகாரத்தைப் பயன்படுத்திய விதம் நியாயமானது என்றே சட்டம் முதலில் கருதும். தன்னிச்சையாகவோ பாரபட்சமாகவோ நடந்துகொண்டது என்று நிரூபிக்கும் சுமை உங்களுடையது. அந்த ஷெட்டுகளுக்கு அனுமதி கொடுத்தார்களா என்று சங்கத்தின் ஆவணங்களைக் கேளுங்கள். சர்டிஃபைட் மெயிலில் கேட்டால், 10 வேலை நாட்களுக்குள் தர வேண்டும், அல்லது எப்போது தரமுடியும் என்று பதில் சொல்ல வேண்டும். அனுமதியே வாங்காமல் நீண்ட காலமாக நிற்பவையாகவும் அவை இருக்கலாம். இந்த வழக்குகளுக்குக் காலவரம்பு நான்கு ஆண்டுகள் என்பதால், சங்கம் அவற்றை இனித் தொட முடியாமல் விட்டிருக்கலாம்.

சுகர்லேண்ட் வாசகி:

நாங்கள் இருக்கும் சுகர்லேண்ட் தனி நகரம். இங்கே ஸோனிங் உண்டு, அதன் மேல் சங்கத்தின் நிபந்தனைகளும் உண்டு. மாநகராட்சியின் ஸோனிங் வரைபடத்தில் இடம் இருந்தும் சங்கம் மறுத்த கதைகள் எங்கள் பக்கம் சாதாரணம். கேட்டி பக்கம் எந்த நகர எல்லைக்குள்ளும் சேராத குடியிருப்புகளில் நிலைமை வேறு. அங்கே கவுண்டிக்கு ஸோனிங் அதிகாரம் இல்லாததால், சங்கத்தின் நிபந்தனைகளே ஏறக்குறைய எல்லாமும். ஆகவே நண்பர் ஒருவர் வீட்டில் நடந்ததை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அவர் வீடு எந்த எல்லைக்குள் இருக்கிறது என்பதை முதலில் கேளுங்கள்.

துளசி மாடத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று இதை எழுதுகிறேன். பத்திரத்தில் எழுதிவிட்டால் எதுவும் செல்லும் என்பதில்லை. இன்ன இனத்தாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1948இல். ஹூஸ்டன் முதன்முறை ஸோனிங்கை வாக்கெடுப்பில் நிராகரித்த அதே ஆண்டு அது. அதுபோலவே சூரிய மின்தகடு, மழைநீர்த் தொட்டி போன்றவற்றைச் சங்கம் முற்றாகத் தடைசெய்ய முடியாதபடி டெக்சஸில் தனிச் சட்டப் பிரிவுகள் இருக்கின்றன. சமயச் சின்னங்களுக்கும் அப்படி ஒரு பிரிவு உண்டு. 2011இல் அது வந்தபோது வாசற்கதவிலும் நிலையிலும் வைப்பவற்றுக்கு மட்டுமே பாதுகாப்புத் தந்தது. 2021இல் மனை முழுவதற்கும் விரிந்தது. உண்மையான சமய நம்பிக்கையின் பேரில் வைப்பதைச் சங்கம் தடுக்க முடியாது.

ஆனால் அதே பிரிவு, கட்டிடக் கோட்டையோ (அதைத் தாண்டிக் கட்டக் கூடாத எல்லை), செட்பேக்கையோ, ஈஸ்மென்ட்டையோ (குழாய், மின்கம்பி போன்றவற்றுக்காக ஒதுக்கிய பட்டை) மீறி வைத்தால் பாதுகாப்பு இல்லை என்றும் சொல்கிறது. முன்பக்கத்துக் கட்டிடக் கோடு பல குடியிருப்புகளில் தெருவிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளியிருக்கும். ஆகவே செங்கல் மாடத்தை அந்தக் கோட்டுக்கு உள்ளே, வாசற்படிக்கு அருகே வைப்பதே பாதுகாப்பானது. அம்மாவுக்கு அவசரம் என்றால், பெரிய மண்தொட்டியில் வைத்து, கோலம் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். தொட்டியைக் கட்டிடம் என்று சொல்ல யாரும் துணிய மாட்டார்கள்.

மேற்கு ஹூஸ்டன் வாசி:

மூவருக்கும் நன்றி. வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். கவுண்டி கிளார்க்கின் தளத்தில் எங்கள் குடியிருப்பின் ஆவணத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். ஐந்தடி இடைவெளி அதில் தெளிவாகவே இருக்கிறது. ‘தனித்த கட்டிடம்’ என்றால் மூன்றடி போதும் என்றும் ஒரு வரி இருக்கிறது. எங்கள் பேட்டியோவின் கூரை வீட்டுச் சுவரைத் தொடுமாறு வரையப்பட்டிருக்கிறது. ஷிங்கிள் விதியோ அந்த ஆவணத்தில் எங்குமே இல்லை. ‘கட்டிட வழிகாட்டு நெறிகள்’ என்று அவர்கள் மின்னஞ்சலில் அனுப்பிய தனிக் காகிதத்தில் மட்டும் இருக்கிறது. அது செல்லுமா?

பேயூ கரையோரம்:

இப்போதுதான் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். சங்கத்தின் வழிகாட்டு நெறிகளும் நிபந்தனைகளைப் போலவே கவுண்டியில் பதிவுசெய்யப்பட்டிருக்க வேண்டும்; பதிவுசெய்யும் வரை அவற்றுக்குச் செயல்வலு இல்லை என்று சொத்துச் சட்டத் தொகுப்பின் 202ஆம் அத்தியாயம் சொல்கிறது. சங்கத்தின் பெயரைக் கொண்டு அதே தளத்தில் தேடுங்கள். ஆவணம் ஒரு தேதியிலும் நெறிகள் பல ஆண்டுகள் கழித்து வேறொரு தேதியிலும் பதிவாகியிருப்பது வழக்கம். பதிவே இல்லை என்றால், கூரை பற்றிய குற்றச்சாட்டின் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். ஆனாலும் முன்அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி ஆவணத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பகுதி அப்படியே நிற்கும்.

நீங்கள் கண்ட அந்த மூன்றடி வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கூரையை வீட்டுச் சுவரிலிருந்து பிரித்து, தன் தூண்களின் மேலேயே நிற்குமாறு மாற்றினால், மூன்றரை அடி போதுமானதாக ஆகலாம். எவ்வளவு பிரித்தால் ‘தனித்த கட்டிடம்’ ஆகும் என்று ஆவணத்தில் விளக்கம் இல்லாவிட்டால், சான் அன்டோனியோ பக்கத்து டிம்பர்வுட் பார்க் சங்க வழக்கில் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் 2018இல் எடுத்த நிலை உங்களுக்குத் துணைவரும்: குறுகிய கால வாடகையைத் தடுக்க அந்தச் சங்கம் முயன்றபோது, எழுதப்படாத தடையை நிபந்தனைக்குள் ஏற்றிப் படிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. மாற்றிய வரைபடத்துக்கு மாநகராட்சியிடம் பெர்மிட்டையும் திருத்திக்கொள்ள வேண்டும். அதற்கு முன், விசாரணை கேட்கும் கடிதத்தை இன்றே அனுப்புங்கள். வரைபடம் பின்னால் போகலாம், அந்த 30 நாள் போனால் திரும்பாது.