அம்மாவின் கதிர்வீச்சு சிகிச்சை: புதுப்பிப்பு

சினைப்பைப் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடிந்த பிறகும் அம்மாவுக்கு இடுப்புப் பகுதியில் ஒரு நிணநீர் முடிச்சு மிஞ்சியிருக்கிறது, கதிர்வீச்சு கொடுக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். கொடுத்து முடித்தாயிற்று. அம்மா கோத்தகிரி வீட்டில் இருக்கிறார்.

வயிறு முழுவதற்கும் கதிர் கொடுப்பது பழைய முறை. குடல், கல்லீரல், சிறுநீரகம் அவ்வளவு தாங்காது என்பதால் இப்போது அதைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். அம்மாவுக்கு மிச்சம் ஒரே இடத்தில் இருந்ததால்தான் டாக்டர்கள் சம்மதித்தார்கள். தினம் 1.8 கிரே (கதிர் அளவைச் சொல்லும் அலகு), வாரத்தில் 5 நாள், கோயம்புத்தூரில்.

தினமும் மலை ஏறி இறங்க நினைப்பவர்கள் தயவுசெய்து யோசியுங்கள். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் சிறுகுடல் மேலே விலகி, அதன்மேல் கதிர் குறைவாகப் படும். அதற்காகத் தண்ணீர் குடித்துவிட்டு மேட்டுப்பாளையம் ரோட்டு வளைவுகளில் உட்கார்ந்திருக்க முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போய்க் குடிப்பதே சரி. நாங்கள் அங்கேயே ரூம் எடுத்து, வெள்ளிக்கிழமை மட்டும் மேலே வந்தோம்.

அப்புறம் வயிற்றுப்போக்கு. போகப்போக அதிகமாகி அம்மாவை ரொம்ப வாட்டியது. கீரை, பால், காரம் நிறுத்தி, கஞ்சியும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் கொடுத்தோம். மாத்திரையை டாக்டரைக் கேட்டே கொடுங்கள்.

சினைப்பைப் புற்றுநோயைக் கண்காணிக்க ரத்தத்தில் பார்க்கும் சிஏ-125 அளவு குறைந்திருக்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பி நிம்மதியாக இருக்க மனம் வரவில்லை. ஸ்கேன் பார்த்ததும் எழுதுகிறேன்.